பூண்டு சேர்க்காத வீடு

எங்கள் வீட்டு கேட்டில் "மாடி வாடகைக்கு. சைவம் மட்டும்" என்று போர்டு மாட்டியவள் நான்தான். என் தங்கை ரோஹிணிக்கு அதில் இஷ்டமில்லை. "எந்தக் காலத்துல இருக்கே அக்கா, நல்ல மனுஷாளா இருந்தா போறாதா?" என்றாள். எனக்குப் போதாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா கட்டிய வீடு அது. அந்தச் சமையலறையில் பூண்டு நுழைந்ததே இல்லை. மாடியிலிருந்து மீன் வறுக்கும் வாசனை இறங்கி வந்தால் என்னால் பூஜை அறையில் உட்கார முடியாது. அதனால் போர்டும் மாட்டினேன், வருகிறவர்களை நேரில் உட்காரவைத்து விசாரிக்கவும் செய்தேன். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விசாரணை ஒன்றும் புதிதில்லை.

புரோக்கர் குமரேசன் ஐந்தாறு பேரை அழைத்து வந்தான். "முட்டை மட்டும்தான் மேடம், அது சைவத்துல வந்துடும்" என்றார் ஒருவர். அவரை வந்த வழியே அனுப்பினேன். குமரேசன் பேஜாராகிவிட்டான். "நீங்க கேக்குற ஆளு இனிமேதான் மேடம் பொறந்து வரணும்" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினான்.

நான் கேட்ட ஆள் பிறந்தது எப்போதோ. இறந்ததும் எப்போதோ. அது தெரியாமல் ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு குமரேசன் அவனை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினான். பெயர் ஸ்ரீநிவாசராகவன். இந்தக் காலத்தில் யார் இப்படி முழுப் பெயரையும் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிவந்த நிறம், மெலிந்த உடம்பு, முப்பத்தைந்து வயது மதிக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ளே வரலாமா?"

"வாங்கோ, வாங்கோ. இதைக்கூட கேக்கணுமா?"

கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். காபி வேண்டாம் என்றான். மாமிசம் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை என்றான். வெங்காயம், பூண்டு என்று இழுத்தேன்.

"வெங்காயத்தைப் பொறுத்துக்கொள்வேன். பூண்டு புழங்கும் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அதற்காகத்தான் அம்மா, உங்கள் போர்டைப் பார்த்து வந்தேன்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அமெரிக்கக் கம்பெனி வேலை, ராத்திரி முழுக்க ஷிப்ட், பகலில் தூங்குவேன் என்றான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். விடியற்காலையில் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, வெயிலைப் பார்க்காமல் போர்வைக்குள் போகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர். ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாவியை அன்றைக்கே கொடுத்தேன்.

ரோஹிணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அவள் தவழும்போது அம்மா போய்விட்டாள். என்னைத்தான் முதலில் அம்மா என்று கூப்பிட்டாள், பிறகு திருத்தினேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அவளுக்காக நான் திருப்பி அனுப்பினேன். அவள் வளர்ந்து இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்த பிறகு, அவளைப் பார்க்க வந்தவர்களை எனக்காக அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டு பேருக்கும் இதில் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் உண்டு, வெளியே சொன்னதில்லை. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஒரே கொசுவலைக்குள்தான் எங்களுக்குத் தூக்கம். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலிக்குத்தான் அவனை முதலில் பிடிக்கவில்லை. கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்ற குடும்பம்; பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கொடுத்து அனுப்பியதும் கடலும் போயிற்று, வியாபாரமும் போயிற்று. பஸ் பிடித்து எங்கள் தெருவுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறாள். அவள் கை கழுவுவதற்கென்று தனி சோப்பு வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன.

"இன்னாம்மா அந்த சாரு, நான் படி ஏறுனாலே டபார்னு கதவ சாத்திக்கிறாரு? நான் இன்னா பண்ணேன்?"

அவனே சாயங்காலம் இறங்கி வந்து சொன்னான். "அந்தப் பெண்மணியின் கையில் பூண்டு வாடை. தயவுசெய்து மாடிக்கு அனுப்பாதீர்கள்."

"நானே கண்டிக்கணும்னு இருந்தேன்" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அஞ்சலியைக் கீழே மட்டும் பெருக்கச் சொன்னேன். அன்றிலிருந்து மாடிப் படியை ரோஹிணி பெருக்க ஆரம்பித்தாள்.

புரட்டாசி மாதம் அவள் பெருக்கியது போல இந்த உலகத்தில் எந்தப் படியையும் யாரும் பெருக்கியிருக்க மாட்டார்கள். சூரியன் மறைந்ததும் தலை வாரிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு துடைப்பத்தோடு மேலே போவாள். மொட்டை மாடியில் இருவரும் பேசும் சத்தம் கேட்கும். பிறகு கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு எனக்கு எல்லாவற்றையும் ஒப்பிப்பாள்.

"அக்கா, இங்கேர்ந்து பள்ளிக்கரணை வரைக்கும் ஒரே தண்ணியாம். நம்ம வேளச்சேரி ரோடு இருக்கே, அதெல்லாம் கிடையவே கிடையாதாம். சாயங்காலம் பறவை எழும்பினா வானமே தெரியாதாம்."

"புஸ்தகத்துல படிச்சிருப்பான்."

"நேர்ல பாத்தா மாதிரி சொல்றாரே. அவருக்குக் கல்யாணம் ஆகி அவா போயிட்டாளாம். கோதைன்னு பேர். கோதையும் அவ அக்காவும் உன்னையும் என்னையும் மாதிரியாம். பஞ்சத்துல அக்கா தன் கஞ்சியைத் தங்கைக்கு ஊத்திட்டு, நான் குடிச்சாச்சுன்னு வாயைத் துடைச்சுப்பாளாம்."

"பஞ்சமா? எப்போ போனா அவன் பெண்டாட்டி?"

"ரொம்ப நாளாச்சாம்" என்று சொல்லிவிட்டு ரோஹிணி இருட்டில் சிரித்தாள். நாற்பத்துநான்கு வயதில் அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் மேலா, அவன் மேலா என்று யோசிக்காமல் திரும்பிப் படுத்தேன்.

ஐப்பசியில் அவள் வெளுக்க ஆரம்பித்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது, நகக்கண் வெள்ளைக் காகிதமாக இருந்தது. சேலையூரில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் பாதிக்குப் பாதி இல்லை என்றார். பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மாத்திரை. தினம் காலையில் பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து கொடுத்தேன். முழங்கை மடிப்பில் சிவப்பாக இரண்டு புள்ளி இருந்தது. எங்கள் ஏரியா கொசுவிடம் மாட்டினால் யானையே இளைத்துவிடும். கொசுதான் என்று முடிவு கட்டி, வலையில் இருந்த கிழிசல்களை எல்லாம் உட்கார்ந்து தைத்தேன். நான் தைத்தேன், அவள் பிழிந்த சாற்றைக் குடித்தாள், அவன் அவளைக் குடித்தான். இப்படியே கார்த்திகை வந்தது.

கார்த்திகையில் புயல். சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்படி நாள் கணக்கில் மழை கொட்டியது; ராத்திரி அந்த இரைச்சலில் பக்கத்தில் படுத்தவள் மூச்சுகூடக் காதில் விழவில்லை. ஏரி உடைந்து தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போய்விட்டது. அஞ்சலி வீட்டுக்குப் போக முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டாள். பகலும் சாயங்காலம் போலவே மங்கிக் கிடந்ததால் மாடிக்காரன் பட்டப்பகலில் படியில் நின்று மழையை வேடிக்கை பார்த்தான். அதை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவம், வேலைக்குப் போக முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் அஞ்சலி பின்கட்டில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்து வைத்திருந்த பூண்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கிய ரோஹிணி ஈரப் படியில் வழுக்கினாள். அஞ்சலி சாப்பிட்ட கையோடு ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். ரோஹிணி கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"நான் ஒண்ணும் பண்லமா! வுழுந்துடப் போறாங்கன்னு சும்மா கைய புட்சேன்!"

ரோஹிணியின் மணிக்கட்டில் அஞ்சலியின் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்து, தோல் கொப்புளித்திருந்தது. அஞ்சலியின் கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். என் வாழ்நாளில் நான் விலகி விலகிப் போன அந்த வாடை.

கணக்கு அப்போதுதான் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பூண்டு ஆகாது. பகல் ஆகாது. உள்ளே வரலாமா என்று கேட்டான். இத்தனை நாளில் ஒரு சாமான் வாங்கியதில்லை, ஒரு நாள் அடுப்பு மூட்டியதில்லை. பாதி ரத்தம் இல்லாத என் தங்கை. ரோஹிணியை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"யாருடி அவன்?"

"உனக்கு எப்போ தெரியும்னு பாத்துண்டிருந்தேன்" என்றாள், அமைதியாக. "எனக்கு நவராத்திரிலேயே தெரியும் அக்கா. அவரே சொல்லிட்டார். நான்தான் கையை நீட்டினேன்."

"ரத்தக் காட்டேரிடி அவன்!"

"அவர்னு சொல்லு."

ஓங்கி அறைந்தேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. கன்னம் சில்லென்று இருந்தது. அவள் அழவில்லை.

"தண்ணி வடிஞ்சதும் நானும் அவரும் கிளம்பறோம். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு இருந்தேன்."

"அப்போ நான்?"

அவள் கதவைத் திறந்தாள். அவள் வெளியே போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மனசு தெளிவாயிற்று. தண்ணீர் வடிவதற்குள் அவனை ஒழிக்க வேண்டும். அவன் போனால் அவள் உடம்பில் ஏறிய விஷம் ஜுரம் இறங்குவது போல இறங்கிவிடும், பீட்ரூட்டும் மாதுளையும் பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பக்கத்து வீட்டு சத்யநாராயணன் பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், மடி ஆசாரம் பார்க்கிறவர். இதயத்துக்கு நல்லது என்று பூண்டு எண்ணெய் மாத்திரை முழுங்குவார். "மருந்துக்கு தோஷம் கிடையாது" என்று ஊருக்கே விளக்கம் சொல்வார். மதில்மேல் எட்டிக் கூப்பிட்டு, எனக்கும் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி ஒரு டப்பா வாங்கினேன். அது போதாதென்று அஞ்சலியிடம் இருந்த பூண்டையும் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யம்மா, உனக்கு இன்னா ஆச்சு? நீ துன்னுவியா இத?"

"உரிச்சுக் குடுடி. யாருக்கும் சொல்லாதே."

பச்சைப் பூண்டை மோரில் போட்டு மாத்திரை மாதிரி முழுங்கினேன். முதல் நாள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. பூஜை அறைப் பக்கம் போகவில்லை. மறுநாள் பழகிவிட்டது. அதற்கு மறுநாள் அஞ்சலியின் குழம்பில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கிராம்பும் ஏலக்காயும் ஓயாமல் மென்றேன். அந்தச் சமயத்தில் தெருவெல்லாம் சாக்கடை பொங்கி, அதன் மேல் மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். யார் மூக்குக்கும் எதுவும் எட்டாது.

ரோஹிணி மட்டும் என் பக்கத்தில் படுக்கவில்லை. "உன்கிட்ட வந்தாலே தலை வலிக்கறதுக்கா, அந்தப் பவுடர் நாத்தம் உன் புடவைலேயே ஏறிடுத்து" என்று ஹால் சோபாவுக்குப் போனாள். கோபத்தில் சாக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய நாளில், ரோஹிணி சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தபோது, மாடி ஏறினேன். மத்தியானம்தான், ஆனால் மேகம் கவிந்து வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அறையில் பாய்கூடக் கிடையாது. தண்ணீர் சூழ்ந்ததிலிருந்து வெளியே போகாததில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"தெரிந்துவிட்டது அல்லவா" என்றான்.

"அவளை விட்டுடு. உனக்கு வேண்டியது என்கிட்டயும் இருக்கு. எடுத்துண்டு கிளம்பு."

"அலமேலுவும் இதே மாதிரி வந்து நின்றாள்" என்றான். "கோதையின் தமக்கை. ஹைதர் அலியின் படை வந்த கலாபத்தில் ஊரெல்லாம் எரிந்து கிடந்தது. பிடி அரிசி தேடிக் கோட்டைக்குப் போனேன். வழியில் பாழ்மண்டபத்தில் ஒன்று என்னைப் பிடித்தது. இப்படி ஆகித்தான் வீடு திரும்பினேன். நான் கேட்டேன், கோதை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து அவள் பயப்படவே இல்லை, அம்மா. இத்தனை காலத்தில் என்னை அப்படிப் பார்த்த இன்னொருத்தி உங்கள் தங்கைதான்."

"அலமேலுவை என்ன பண்ணினே?"

"என்னை எடுத்துக்கொள், அவளை விடு என்றாள். பசி. எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கோதை போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். அதோடு முடிந்தது. ஆகையால் வேண்டாம். உங்களைத் தொட்டால் ரோஹிணி என்னை மன்னிக்க மாட்டாள்."

வெயிலில் உட்கார்ந்தால் எப்படி முடியும் என்று நான் அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வரி விட்டுப்போன கணக்கைப் பிள்ளைகளின் நோட்டில் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நான். அன்று என் புத்தி முழுக்க ரத்தத்திலேயே இருந்தது.

"அவகிட்ட எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"இனிமேல் ரோஹிணியிடம் எடுக்க மாட்டேன். சத்தியம்."

"அப்போ பட்டினி கிடந்து எப்படி ஊரை விட்டுப் போவே? கொஞ்சமா எடுத்துக்கோ. யாருக்கும் தெரிய வேண்டாம்."

கையை நீட்டினேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான், மறுபடியும் திரும்பினான். பசி என்றால் என்ன என்பதை அன்று அந்த முகத்தில் பார்த்தேன், வெறுப்போடு கொஞ்சம் இரக்கமும் வந்தது. சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. தேடிப் பிடித்து வந்த வீடாயிற்றே. மண்டியிட்டு என் மணிக்கட்டில் வாய் வைத்தான். ஊசி போடுவது போலத்தான் இருந்தது. நாலைந்து மடக்கு குடித்திருப்பான்.

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். உதடு கறுக்க ஆரம்பித்திருந்தது.

"போர்டு..." என்றான். "போர்டு போட்டிருந்தீர்களே அம்மா."

தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டது எல்லாம் ஒரே நேரத்தில் அந்த உடம்புக்கு வந்தது. கடைசியில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, முறம் நிறையச் சாம்பல். நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் ரோஹிணி நின்றுகொண்டிருந்தாள். அவள் படி ஏறிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சாம்பலையும் என் மணிக்கட்டையும் பார்த்தாள். எங்கள் வீட்டில் அடக்கிக்கொள்வதுதான் பழக்கம்; அவள் அடக்கவில்லை. தரையில் விழுந்து அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்து, எனக்கு இன்றும் காதில் கேட்கிற ஒரு சத்தம் போட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான்டி. இனிமே எல்லாம் சரியாயிடும். உடம்பு தேறிடும்..."

"எந்த உடம்பு?" என்று முகத்தைத் தூக்கினாள். "அக்கா, நான் செத்துப்போய் நாளாச்சு. அஞ்சலி கையைப் பிடிச்சாளே, அதுக்கு முன்னாடியே. அவ கை பட்டு எனக்குத் தோல் வெந்ததே, அப்போகூடவா உனக்குத் தெரியல? உன்கிட்ட படுக்க முடியாம ஏன் எழுந்து போனேன்?"

ஓடிப்போய் அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. மார்பில் காதை வைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அலறினாள். என் கை பட்ட இடமெல்லாம் கொப்புளம் கிளம்பியது. என் ரத்தத்தில், என் வேர்வையில், என் மூச்சில் பூண்டு. தவழ்ந்த காலத்திலிருந்து நான் தூக்கி வளர்த்தவள் என்னிடமிருந்து சுவரோரம் நகர்ந்து நகர்ந்து போனாள்.

சாம்பலை நான்தான் அள்ளி, எள்ளும் தண்ணீரும் விட்டு, தெருவில் ஓடின வெள்ளத்தில் கரைத்தேன். அவனுக்குக் காரியம் செய்ய யார் இருந்தார்கள்?

மறுநாள் விடியற்காலையில் மழை விட்டிருந்தது. மொட்டை மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கோதை செய்தது என்ன என்பது எனக்கு அந்தப் படியில் ஓடும்போதுதான் புரிந்தது. ரோஹிணி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கம்பளியைப் போர்த்தி இழுத்து உள்ளே தள்ளினேன். என் கையால் கொஞ்சம், வெயிலால் கொஞ்சம் என்று அவள் வெந்துபோனாள்.

"விடுக்கா. யாரையும் கடிச்சு நான் இருக்க மாட்டேன். உன்கிட்டயும் என்னால வர முடியாது. பசிக்கறது. விடு."

"பூண்டை நிறுத்திட்டேன்டி. என் ரத்தம் சுத்தமாகற வரைக்கும் இரு. அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன்."

அவன் ஒட்டிய கறுப்புக் காகிதத்துக்குள் அவளை வைத்துப் பூட்டினேன். அஞ்சலியையும் நிறுத்தினேன். வாசலில் நின்று, "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று அழுதாள். தூக்கில் எனக்கென்று குழம்பு கொண்டுவந்திருந்தாள். "எங்காத்துல பூண்டு சேக்க மாட்டோம், தெரியாதா உனக்கு?" என்று கேட்டைச் சாத்தினேன். அவளை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

தினம் சாயங்காலம் கதவிடுக்கில் கையை நீட்டுவேன். உள்ளேயிருந்து அவள் முகர்ந்து பார்த்துவிட்டு "இன்னும் இருக்குக்கா" என்பாள். குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. மார்கழி பிறந்து கோயிலில் பாட்டுப் போட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கொப்புளிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனேன். அவள் குடித்த நேரமெல்லாம் என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். அன்று மாடி அறையிலேயே மறுபடியும் வலையைக் கட்டி, நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். மூச்சுச் சத்தம் இல்லாமல் தூங்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது பீட்ரூட் சாறு எனக்கு. ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது உடம்பு எவ்வளவுதான் ஊறும்? போன வாரம் கோலம் போடும்போது மயங்கி விழுந்து, சத்யநாராயணன் தண்ணீர் தெளித்து எழுப்பினார். ரோஹிணி அன்றிலிருந்து என்னைத் தொட மறுக்கிறாள்.

"கரைஞ்சு போயிண்டிருக்கேக்கா நீ. போதும். நான் வெயில்ல போய் உக்காந்துக்கறேன்."

"அப்போ என்னையும் உன்னை மாதிரி ஆக்கிடு. ரெண்டு பேரும் இருப்போம்."

"எனக்குத் தெரியாது. எப்படிப் பண்ணார்னு அவருக்குத்தான் தெரியும்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நீ கேக்க விடலையே."

நேற்று குமரேசனுக்கு போன் செய்தேன். பழைய போர்டைத் துடைத்து கேட்டில் மாட்டினேன். மாடியில் பெரிய அறை நமக்கு, பக்கத்து அறையை விடலாம் என்று நான் போட்ட கணக்கை ரோஹிணியிடம் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்பாள். பட்டினி முற்றினால் வேண்டாம் என்கிற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்று நான் ஸ்ரீநிவாசராகவன் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்று விளக்கு வைத்த பிறகு குமரேசன் ஒரு பிள்ளையை அழைத்து வந்தான். கேஷவ் என்று பெயர், கும்பகோணத்துப் பக்கம், பெருங்குடியில் வேலை, ராத்திரி ஷிப்ட். நல்ல ரத்த ஓட்டமுள்ள முகம். வாசலில் தயங்கி நின்றான்.

"அசைவம்?"

"சேச்சே, இல்ல மாமி."

"வெங்காயம், பூண்டு?"

"எங்காத்துல பூண்டு தொடவே மாட்டோம் மாமி. அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"இவரு நீங்க கேட்ட மாதிரியே கீறாரு மேடம்" என்றான் குமரேசன், சந்தோஷமாக.

மாடியில் மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளை ரோஹிணி தொடும் சத்தம் கேட்டது. பொழுது விடிவதற்கு இன்னும் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது.

"உள்ளே வாப்பா" என்றேன்.

அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து வந்தான்.